நோன்பும் புற்றுநோயும்: உயிரணு கற்பிக்கும் பாடம்

ரமளான் பிறை தெரிந்ததும் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியின் மணத்தோடு ஒரு செய்தியும் பரவத் தொடங்கிவிடுகிறது. சில ஆண்டுகளாகவே இது பயான்களிலும் கைபேசிச் செய்திகளிலும் இஃப்தார் விரிப்பைச் சுற்றி நடக்கும் பேச்சிலும் அடிபட்டு வருகிறது. "நோன்பு நோற்றால் புற்றுநோய் அணுக்கள் பசியால் செத்துவிடும். இதைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பான் நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்" என்பதே அந்தச் செய்தி.

கேட்பவர் உள்ளம் குளிர்கிறது. நம் மார்க்கக் கடமையை விஞ்ஞானமும் மெச்சுகிறதே என்று மகிழ்வது இயற்கைதான். ஆனால் அதே செய்தி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் ஒரு சகோதரியின் காதில் விழுந்தால் என்னவாகும்? "இந்த மாதம் ஊசி மருந்தை நிறுத்திவிட்டு முப்பது நோன்பையும் பிடித்துவிடுகிறேன், நோன்பே என்னைக் குணமாக்கிவிடும்" என்று அவர் முடிவு செய்துவிட்டால்? சொன்னவர் மறந்துவிட்டுப் போய்விடுவார். கேட்டவர் தம் உயிரையே அந்தச் சொல்லின் மீது வைத்திருப்பார்.

நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரிடும் என்று திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே இந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை ஒரு பாடம்போல் வரிசையாகப் பார்ப்போம்.

உயிரணுவுக்குள் ஒரு பழைய இரும்புக் கடை

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறு தொழிற்சாலை. அதற்குள் புரதங்கள் உண்டாகின்றன, உழைக்கின்றன, தேய்கின்றன, உடைகின்றன. உடைந்ததை அப்படியே விட்டுவைத்தால் தொழிற்சாலை குப்பைமேடாகிவிடும். ஆகையால் அல்லாஹு தஆலா ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு துப்புரவு ஏற்பாட்டை வைத்திருக்கிறான்.

நம்மவர் பலர் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர்கள். அவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஓட்டை விழுந்த அண்டா, முறிந்த சைக்கிள் சட்டம், துருப்பிடித்த ஜன்னல் கம்பி எல்லாம் கடைக்கு வருகின்றன. தரம் பிரிக்கிறார்கள், உலைக்கு அனுப்புகிறார்கள், உருகிய இரும்பு புதுக் கம்பியாகத் திரும்பி வருகிறது. உயிரணுவுக்குள்ளும் இதுவே நடக்கிறது. தேய்ந்த பொருளைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வுப் பை உருவாகிறது. அந்தப் பை லைஸோஸோம் எனப்படும் உலைக்குச் செல்கிறது. அங்குள்ள நொதிகள் அதைச் சிறு சிறு துண்டுகளாக்குகின்றன. அந்தத் துண்டுகளைக் கொண்டு உயிரணு புதிய உறுப்புகளைக் கட்டிக்கொள்கிறது அல்லது எரித்துச் சக்தி பெறுகிறது.

இந்த லைஸோஸோமை 1955ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் பெல்ஜியம் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். உயிரணு தன் பொருளைத் தானே உண்ணும் இச்செயலுக்கு 1963ல் ‘ஆட்டோஃபேஜி’ என்று பெயரிட்டவரும் அவரே. ‘தன்னைத் தானே உண்ணுதல்’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். உயிரணுவின் அமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1974ல் அவருக்கு வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பழைய இரும்புக் கடை எப்போதும் திறந்தே இருக்கிறது. நாம் வயிறு நிறைய உண்டிருக்கும்போதும் மெதுவாக வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். வெளியிலிருந்து உணவு வராதபோது அந்த வேலை மும்முரமாகிறது. கடைத்தெருவில் சரக்குத் தட்டுப்பாடு வந்தால் பழைய சரக்குக்குக் கிராக்கி ஏற்படுவதுபோல.

ஓஸுமி செய்தது என்ன?

செய்தியில் வரும் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓஸுமி. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது உண்மை. ஆட்டோஃபேஜி பற்றிய ஆராய்ச்சிக்காகவே அது கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை.

ஆனால் அவர் ஆராய்ந்தது மனிதர்களையல்ல. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்னும் ஓரணு உயிரை. உலையின் நொதிகள் வேலை செய்யாத ஈஸ்ட் வகைகளை எடுத்து அவற்றுக்கு ஊட்டச்சத்து கிடைக்காமல் செய்தார். சில மணி நேரத்துக்குள் உயிரணுவின் அறையில் சிறு பைகள் குவிந்துவிட்டன. உலை அணைந்திருந்தபடியால் வந்த சரக்கு எரியாமல் தேங்கி, நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தது. 1992ல் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, இச்செயலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார். மனித உயிரணுவிலும் இதை ஒத்த ஏற்பாடு இருப்பது பின்னர் தெரியவந்தது.

பரிசு இதற்குத்தான். மனிதர் எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. ரமளான் நோன்பை அது ஆராயவில்லை. புற்றுநோய் குணமாகும் என்றும் அதில் இல்லை. செய்தியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி நம்மவர் ஆசையால் ஒட்டவைத்தது.

நம் நோன்பில் உடலுக்குள் நடப்பது

நம் பகுதியில் ஸஹர் முடிவிலிருந்து மஃக்ரிப் வரை ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். ஸஹரில் உண்டது சில மணி நேரத்தில் செரித்துவிடுகிறது. பிறகு ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து செலவாகிறது. அது குறையக் குறைய, உடல் தன் கொழுப்பை எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது. இரத்தத்தில் இன்ஸுலின் அளவு தாழ்கிறது. இன்ஸுலின் தாழ்வதும் சத்து குறைவதும் உயிரணுவின் பழைய இரும்புக் கடைக்கு, ‘வேலையைக் கூட்டு’ என்று கொடுக்கப்படும் சைகைகள்.

ஆகவே நோன்புக்கும் ஆட்டோஃபேஜிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "இத்தனையாவது மணியில் தொடங்குகிறது, இத்தனையாவது மணியில் நோயணுக்களைத் தின்னுகிறது" என்று கடிகாரம் வைத்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். உயிருள்ள மனிதரின் உறுப்புகளுக்குள் இச்செயல் எவ்வளவு நடக்கிறது என்று காட்டும் எளிய இரத்தப் பரிசோதனை மருத்துவமனைகளில் இல்லை. நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஈஸ்ட்டிலும் எலியிலும் கண்டவை. எலி மிகச் சிறிய பிராணி. ஒரு நாள் பட்டினியிலேயே அதன் உடல் எடை வெகுவாகக் குறைந்துவிடும். எலியின் ஒரு நாள் பட்டினியை நம் ஒரு நாள் நோன்போடு சமமாக வைக்க முடியாது.

திருடனும் பிழைப்பான்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தத் துப்புரவு வேலை புற்றுநோய்க்குப் பகையா, துணையா?

தொடக்கத்தில் அது காவலன். உடைந்த பொருள் உயிரணுவுக்குள் தேங்கினால் மரபணுவுக்குச் சேதம் உண்டாகும். அச்சேதமே புற்றுநோயின் வித்து. ஆகையால் ஒழுங்காகத் துப்புரவு நடக்கும் உயிரணு கெட்டுப்போகும் வாய்ப்பு குறைவு. 1999ல் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் பெத் லெவைனும் அவருடைய குழுவினரும், ஆட்டோஃபேஜிக்குத் தேவையான பெக்லின் 1 என்ற மரபணு, மார்பகப் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கவும் உதவுகிறது என்று காட்டினார்கள்.

ஆனால் புற்று ஒருமுறை வேரூன்றிக் கட்டியாக வளர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அங்கே உணவும் பிராணவாயுவும் பற்றாக்குறை. அந்தப் பஞ்சத்தில் புற்றணு எப்படிப் பிழைக்கிறது? அதே பழைய இரும்புக் கடையைத் திறந்துகொண்டுதான்! தன் பழைய உறுப்புகளை உருக்கித் தின்று உயிரைப் பிடித்துக்கொள்கிறது. கீமோதெரபி மருந்து தாக்கும்போதும் இதே வழியில் சேதத்தைப் பழுதுபார்த்துத் தப்பிக்கப் பார்க்கிறது. பஞ்ச காலத்தில் நல்லவனும் பிழைக்கிறான், திருடனும் பிழைக்கிறான்.

இதனால்தான் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் பலர் ஆட்டோஃபேஜியைத் தூண்டுவதற்குப் பதிலாக அதை அடக்க முயன்று வருகிறார்கள். மலேரியாவுக்குப் பயன்பட்டு வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரை உலையின் வேலையைத் தடுக்கும். அதைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்துப் பல நாடுகளில் சோதனைகள் நடத்தப்பட்டுள்ளன. ‘நோன்பு ஆட்டோஃபேஜியைக் கூட்டும், ஆட்டோஃபேஜி புற்றைக் கொல்லும்’ என்ற கணக்கு எவ்வளவு அவசரமானது என்பதை வாசகர்கள் இதிலிருந்தே உணர்ந்துகொள்ளலாம்.

பட்டினியும் கீமோதெரபியும்: சோதனைகள் சொல்வது

பட்டினியை நேரடியாகப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் லாங்கோவின் குழு 2008ல் ஒரு செய்தியை வெளியிட்டது. கீமோதெரபி மருந்துக்கு முன் இரண்டு நாள் அளவுக்குப் பட்டினி போடப்பட்ட எலிகள், மருந்தின் நஞ்சைத் தாங்கிக்கொண்டன என்பதே அது. பசியுற்ற நல்ல உயிரணு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கியிருக்கும். அடங்கத் தெரியாத புற்றணு மருந்துக்கு இரையாகும் என்பது அவர்கள் கொண்ட கருத்து.

இதை மனிதரிடம் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்றின் முடிவு 2020ல் நெதர்லாந்திலிருந்து வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் கீமோதெரபி பெற்ற 131 மார்பகப் புற்றுநோயாளிகள் அதில் பங்கு பெற்றார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு கீமோதெரபிக்கும் மூன்று நாள் முன்பிருந்தும், மருந்தேறும் நாளிலும் மிகக் குறைந்த காய்கறி உணவு உண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் உண்டார்கள்.

முடிவு என்ன? கடுமையான பக்கவிளைவுகளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இத்தனைக்கும் குறைந்த உணவு உண்ட பிரிவுக்கு, வாந்தியைத் தடுக்க வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டு மருந்து தரப்படவில்லை. படமெடுத்துப் பார்த்தபோது அவர்களுக்குக் கட்டி சுருங்கியது அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையைச் சோதித்தபோது, புற்று அடியோடு மறைந்தவர்கள் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. அந்த உணவு முறையை எல்லாச் சுற்றுகளிலும் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அவர்கள் யாரும் மருந்தை விடவில்லை. மருந்தோடு சேர்த்துத்தான் உணவைக் குறைத்தார்கள், அதுவும் மருத்துவர்களின் கண்காணிப்பில். இரண்டாவது, அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். நம் நோன்போ தண்ணீரும் இல்லாத நோன்பு. ஒரு மாதம் தொடர்வது. அவர்களுடைய சோதனை முடிவு நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அதை அப்படியே ரமளான் நோன்பின் மேல் ஏற்ற முடியாது.

தண்ணீர் என்னும் மருந்து

கேளம்பாக்கத்து உப்பளங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். பாத்தியில் நிற்கும் நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு திரண்டு நிற்கும். உடலில் நீர் வற்றினாலும் அப்படித்தான். சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டிய மருந்து செறிந்து நின்று தீங்கு செய்யும்.

ஸிஸ்பிளாட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஆகையால்தான் அதை ஏற்றும்போது பாட்டில் பாட்டிலாக உப்பு நீரும் ஏற்றுகிறார்கள். ஸைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது. அதற்கும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கேப்ஸிடபின் மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் உணவு உண்ட அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். அதனால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் நோயாளி சீக்கிரம் நீரிழந்து துவண்டுவிடுவார். நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிரியக்கச் சிகிச்சையைத் தொண்டையிலும் வாயிலும் பெறுகிறவர்களுக்கு விழுங்குவதே பெரும்பாடு. அவர்களுக்கு ஒவ்வொரு கவளமும் ஒரு மருந்து.

எடை குறைவதும் சாதாரண விஷயமல்ல. உடல் பருமனானவர் நோன்பில் இரண்டு கிலோ குறைந்தால் மகிழ்கிறார். புற்றுநோயாளிக்குக் குறைவது பெரும்பாலும் தசை. தசை குறைந்தால் அடுத்த சுற்று மருந்தைத் தாங்கும் வலிமை போய்விடும். மருத்துவர் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரிடும். குறித்த நாளில் செல்ல வேண்டிய மருந்து தாமதமாவது புற்றுக்குக் கிடைக்கும் அவகாசம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

‘நோன்பு நோறுங்கள், ஆரோக்கியம் பெறுவீர்கள்’ என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு நம்மிடையே ஹதீஸாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவிலுள்ள ஹதீஸ்களை ஆய்ந்த ஹாஃபிழ் இராகீ (ரஹ்) அவர்கள், இதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று குறித்திருக்கிறார்கள். நோன்பின் நோக்கம் இறையச்சம் என்று அல்லாஹ்வே பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனத்தில் தெளிவாக்கிவிட்டான். அடுத்த இரு வசனங்களில் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை அளித்து, விட்ட நாட்களைப் பின்னர் எண்ணி நிறைவேற்றச் சொல்கிறான். உங்களுக்குச் சிரமத்தை நாடவில்லை, இலேசானதையே நாடுகிறேன் என்ற கருத்தையும் சேர்த்தே அருள்கிறான். நோன்பு நோயாளிக்கு மருந்தாகவே விதிக்கப்பட்டிருந்தால், நோயாளிக்கு முதலில் சலுகை கொடுப்பானேன்? சிந்திக்க வேண்டும்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இங்கே மிகவும் பொருந்தும். பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்றும் இடித்துரைத்தார்கள். நோயாளியிடம், "அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நோன்பைப் பிடி, மருந்தெல்லாம் எதற்கு?" என்று சொல்லும் நாவுகள் இந்த ஹதீஸை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே. கோவளம் தர்காவுக்குப் போய் மனமுருகி துஆக் கேட்டுவிட்டு வரும் குடும்பம், மறுநாள் மருத்துவமனை வரிசையிலும் நிற்க வேண்டும்.

இனிச் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நோன்பால் நோய் கூடும், குணமாவது தாமதமாகும், அல்லது தாங்க முடியாத சிரமம் ஏற்படும் என்று தேர்ந்த, நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொன்னால் நோன்பை விடலாம். உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் இருந்தால் நோன்பை விடுவது கடமையாகிவிடும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன.

குணமாகும் நம்பிக்கை உள்ளவர், உடல் தேறிய பிறகு கழாச் செய்ய வேண்டும். புற்றுநோய் என்றாலே குணமாகாத நோய் என்று எண்ணி உடனே ஃபித்யாவுக்குப் போய்விடக் கூடாது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்து, விட்ட நோன்புகளை நிறைவேற்றக்கூடியவர்கள் பலர் உண்டு.

குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு ஃபித்யா கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம். ஹனஃபீ மத்ஹபில் ஸதகத்துல் ஃபித்ரின் அளவு. எடைக் கணக்கை உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் நீங்காமலே, கழாச் செய்ய வாய்ப்பே கிடைக்காமல் ஒருவர் மவுத்தாகிவிட்டால் அந்த நோன்புகளுக்காக அவர்மீது குற்றமில்லை. "நோன்புக் கடனோடு போய்விடுவேனே" என்று கலங்கும் நோயாளிக்கு இதைச் சொல்லித் தேற்றுங்கள்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சு

நம் பகுதியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாயாருக்கு மார்பில் கட்டி, நான்கு சுற்று மருந்து ஏறியிருக்கிறது, ரமளான் நெருங்குகிறது.

"நெனவு தெரிஞ்ச நாளா ஒரு ரமளானும் நோன்பில்லாம இருந்ததில்லேப்பா. எல்லாரும் ஸஹருக்கு எழுந்திருக்கும்போது நான் மட்டும் படுத்துக் கிடக்கணுமா?" என்கிறார் அவர்.

"அம்மா, நோன்பைக் கடமையாக்குனவன்தானே உங்களுக்குச் சலுகையும் கொடுத்திருக்கான்? இப்போ மருந்தை ஒழுங்கா எடுத்துக்குங்க. நல்லானதும் ஒண்ணொண்ணா கழாப் பண்ணிக்கலாம், நானும் கூட நோன்பு வெக்கிறேன்" என்கிறான் மகன்.

அந்தத் தாயின் வருத்தம் உண்மையானது. அதைக் கேலி செய்யக் கூடாது. அவருக்குச் சொல்ல வேண்டிய நற்செய்தி ஒன்று புகாரியில் இருக்கிறது. அடியான் நோயுற்றாலோ பயணம் போனாலோ, அவன் ஊரில் நலமாக இருந்தபோது செய்துவந்த அமல்கள் அவனுக்குப் பதியப்படும் என்ற கருத்தில் அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நோன்பை விட்டு மருந்து உண்ணும் அந்த அம்மாவின் ஏட்டில் அவருடைய பழைய ரமளான்கள் தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் என்று நாம் நம்பலாம். குர்ஆன் ஓதவும் திக்ரு செய்யவும் இஃப்தார் விரிப்பில் எல்லாரோடும் உட்காரவும் அவருக்கு என்ன தடை? பகலில் அவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்காமல், தாங்களே எடுத்துக் கொடுக்கப் பழகட்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது: ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். "நோன்பு பிடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "விடியற்காலையிலிருந்து மாலை வரை தண்ணீரும் குடிக்க மாட்டார், ஏறத்தாழ 14 மணி நேரம், இப்படி 29 அல்லது 30 நாள்" என்று விளக்கிச் சொல்லுங்கள்.

இரண்டாவது: மருந்துகளின் நேரத்தைக் கேளுங்கள். சிகிச்சை முடிந்து, தினம் ஒரு வேளை டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு, மருத்துவர் அனுமதித்தால் அதை இரவுக்கு மாற்றிக்கொண்டு நோன்பு பிடிக்க முடியலாம். கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவரின் நிலை வேறு. எல்லாப் புற்றுநோயாளிக்கும் ஒரே விடை கிடையாது.

மூன்றாவது: நோன்பு பிடிக்க அனுமதி பெற்றவரும், தலைசுற்றல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் அந்த நிமிடமே நோன்பைத் திறந்துவிட வேண்டும். மஃக்ரிபுக்கு இன்னும் அரை மணிதானே என்று பொறுத்திருக்கக் கூடாது.

நான்காவது: கீமோதெரபிக்குப் பிந்திய ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் பெருநாளானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாவது: பட்டினி, தேன், கருஞ்சீரகம், மூலிகைப் பொடி என்று எதைச் சேர்த்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எதற்காகவும் சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் பகுதி மக்களுக்குச் சிகிச்சைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954ல் தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளை ஈந்து வளர்த்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணா பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உதவி உண்டு. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இரத்தப்போக்கு, தொடர்ந்து எடை குறைதல் இவற்றில் ஒன்றைக் கண்டால் கூச்சப்பட்டு மறைக்காமல் நம் பெண்கள் உடனே காட்டிக்கொள்ள வேண்டும். ரமளான் கழியட்டும், பெருநாள் கழியட்டும் என்று காத்திருப்பது நோய்க்கு நாம் கொடுக்கும் விருந்து.

அன்பர்களே! ஓர் உயிரணுவுக்குள் பழையதை உருக்கிப் புதியதைக் கட்டும் ஏற்பாட்டைப் படைத்தவனின் ஆற்றலைக் கண்டு வியப்போம். அந்த வியப்பு ஈமானை வளர்க்கும். ஆனால் விஞ்ஞானி சொல்லாததை அவர் பெயரால் சொல்வதும், பலவீனமான அறிவிப்பை வைத்து நோயாளிக்கு வைத்தியம் சொல்வதும் நம் மார்க்கத்துக்கு எந்தப் பெருமையும் சேர்க்காது. நாம் நோன்பு நோற்பது நம்மைப் படைத்தவன் ஏவியதால். அவன் ஏவல் ஒன்றே அதற்குப் போதுமான சான்று. அவன் ‘விடு’ என்று சலுகை தந்த இடத்தில் விடுவதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

நலமுடையோர் நோன்பை நிறைவாக நோற்கவும், நோயுற்றோர் சலுகையை மனநிறைவோடு ஏற்று மருந்துண்டு குணமடையவும், அடுத்த ரமளானில் இரு சாராரும் ஒரே விரிப்பில் அமர்ந்து நோன்பு திறக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.